எடைக் குறைப்பு ஊசி: வீகோவியா, மவுஞ்சாரோவா? தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

எடைக் குறைப்பு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, எந்த ஊசி என்ற இடத்தில் பலர் திணறிப்போகிறார்கள். "எது அதிகக் கிலோ குறைக்கும்?" என்று விசாரித்து, அதையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அது தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. உங்களுக்கு எடையோடு சேர்ந்து வேறு என்ன நோய் இருக்கிறது? இந்த ஊசியை எத்தனை ஆண்டுகள் உங்களால் தொடர முடியும்? இந்த இரண்டுக்கும் உண்மையான விடை கிடைத்துவிட்டால், மருந்தின் பெயர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். இரண்டையும் தவிர்த்துவிட்டுத் தொடங்கியவர்கள்தான் நான்காம் மாதத்தில் பணமில்லாமல் நிறுத்துகிறார்கள், அல்லது தங்கள் நோய்க்குப் பொருந்தாத மருந்தோடு போராடுகிறார்கள்.

இந்தியாவில் மருந்துச் சீட்டுடன் கிடைக்கும் ஊசிகளை வைத்தே இதை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு நீங்களே மருந்துக் கடைக்குப் போவதற்காக அல்ல. மருத்துவரின் முன் உட்காரும்போது என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

முதல் படி: பெயர்களைப் பிரித்தறியுங்கள்

கடையில் பெயர்கள் பல; மருந்துகள் மூன்றுதான்.

செமாக்ளூடைடு முதலாவது. எடைக் குறைப்புக்கு வீகோவி என்ற பெயரிலும், சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக் என்ற பெயரிலும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் விற்கிறது. உள்ளே இருப்பது ஒரே மருந்து. உச்ச அளவும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடும்தான் வேறு. வீகோவி 2025 ஜூனிலும், ஓசெம்பிக் அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியாவுக்கு வந்தன. எம்கியூர் நிறுவனம் விற்கும் போவிஸ்ட்ராவும் இதே செமாக்ளூடைடுதான்.

இரண்டாவது டிர்செபடைடு. எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ இது. 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இங்கே சர்க்கரை நோய், உடல் பருமன் இரண்டுக்கும் இந்த ஒரே பெயர். அமெரிக்காவில் எடைக்குத் தரப்படும்போது இதன் பெயர் செப்பவுண்ட். சிப்லா விற்கும் யுர்பீக்கும் இதே மருந்து. வெளிநாட்டு உறவினர் சொல்லும் பெயர் உங்கள் ஊர்க் கடையில் இல்லையென்றால் பதற வேண்டாம். பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள்.

மூன்றாவது லிராக்ளூடைடு. இது பழைய மருந்து. தினமும் போட வேண்டும். மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒரு முறை.

சாப்பிட்டவுடன் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையை இந்த மூன்றும் செய்கின்றன. இரைப்பை காலியாவது மெதுவாகிறது, மூளையில் பசி அடங்குகிறது, சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரப்பு கூடுகிறது. நம் உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாக்ளூடைடோ உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். டிர்செபடைடுக்கு ஐந்து நாள். டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதன் கூடுதல் பலத்துக்குச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

இரண்டாம் படி: ஊசி உங்களுக்குத் தேவையா?

உடல் நிறைக் குறியெண்ணான பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 27ஓ அதற்கு மேலோ இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு போன்ற ஏதேனும் ஒன்று இருந்தால்தான் இந்த ஊசிகள். கிலோவில் உங்கள் எடையை, மீட்டரில் உங்கள் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ வந்துவிடும். 1.60 மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 31.25.

நம் உடல்வாகில் ஒரு சிக்கல் உண்டு. கையும் காலும் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் முன்னே நிற்கும். உறுப்புகளைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் ஆபத்தானது. இதனால்தான் இந்திய மருத்துவர்கள் பிஎம்ஐ 25 முதலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி, 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு, நாட்டில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே எடை மெஷினோடு நிற்காமல், ஒரு டேப் எடுத்து இடுப்பையும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அந்த எண்தான் பின்னால் நன்றாகச் சொல்லும்.

திருமணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊசி வேண்டாம். நிறுத்தியவுடன் எடை திரும்பும். பக்கவிளைவுகள் மட்டும் வீணாக மிஞ்சும்.

மூன்றாம் படி: போடவே கூடாதவர்கள்

உங்களுக்கோ ரத்த உறவில் ஒருவருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய் இருந்தால் இந்த மூன்றில் எதுவும் கூடாது. சாதாரணமாகத் தைராய்டு குறைவாகச் சுரப்பதற்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் எடை குறையக் குறைய அந்த மாத்திரையின் அளவை மறுபடி பார்க்க வேண்டிவரலாம்.

கணைய அழற்சி வந்தவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. கணையம் கெடுவதற்கு அது பெரிய காரணம். பித்தப்பைக் கல், நீண்டகாலச் சர்க்கரையால் வந்த இரைப்பை மந்தம், கண் விழித்திரைப் பாதிப்பு ஆகியவையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை.

பெண்களுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆலோசனை அறையில் பலமுறை விட்டுப்போவது இதுதான். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் இந்த ஊசிகள் கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால், செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பும், டிர்செபடைடைக் குறைந்தது ஒரு மாதம் முன்பும் நிறுத்த வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிடாய் தள்ளித்தள்ளி வந்துகொண்டிருந்தவர்களுக்கு, எடை குறைந்ததும் சுழற்சி சீராகி எதிர்பாராமல் கருத்தரிக்க வாய்ப்புண்டு. இன்னொன்று: டிர்செபடைடு, கருத்தடை மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கிறது. தொடங்கிய முதல் நான்கு வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். செமாக்ளூடைடில் இந்தச் சிக்கல் கண்டறியப்படவில்லை. கருத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்ணுக்குத் தேர்வை மாற்றக்கூடிய அளவுக்கு இது முக்கியம்.

நான்காம் படி: கூட இருக்கும் நோயைக் கொண்டு முடிவெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் என் தராசு செமாக்ளூடைடு பக்கமே சாயும். செலக்ட் என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, பிஎம்ஐ 27 அல்லது அதற்கு மேல் இருந்த 17,604 பேரை வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. 2023இல் வந்த முடிவு இது. டிர்செபடைடுக்கு இதயத்தில் கெடுதல் என்று யாரும் காட்டவில்லை. சர்க்கரை நோயாளிகளிடம் டுலாக்ளூடைடு என்ற பழைய ஊசியோடு ஒப்பிட்டு, அதைவிட மோசமில்லை என்று நிறுவியிருக்கிறார்கள். ஆனால் சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கு நேரடிச் சான்று இருப்பது செமாக்ளூடைடுக்கே. ஐந்து கிலோ கூடுதலாகக் குறைவதைவிட இரண்டாவது மாரடைப்பு வராமலிருப்பது பெரிது.

சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவருக்கும் செமாக்ளூடைடு பக்கமே சான்று வலுவாக இருக்கிறது. 2024இல் வந்த ஃப்ளோ ஆய்வில், வாரம் 1 மில்லிகிராம் செமாக்ளூடைடு, சிறுநீரகம் பெரிதாகக் கெடுவதையும் அதனாலும் இதய நோயாலும் ஏற்படும் மரணத்தையும் சேர்த்து 24 சதவீதம் குறைத்தது.

கொழுப்புக் கல்லீரல் முற்றி அழற்சியும் தழும்பும் ஏற்பட்டவர்களுக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வீகோவிக்கு அனுமதி தந்தது. தமிழ்நாட்டில் வயிறு ஸ்கேன் எடுத்த நடுத்தர வயதினர் பலருடைய அறிக்கையில் "கொழுப்புக் கல்லீரல், முதல் நிலை" என்று இருக்கும். அந்த வரி மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது; தழும்பு இருக்கிறதா என்று ஃபைப்ரோஸ்கேன் பார்த்த பிறகே பேச வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் வராமல் எடையும் நிறைய இருப்பவருக்கு டிர்செபடைடு பெரும்பாலும் நல்ல தேர்வு. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஊசிகளால் எடை சற்றுக் குறைவாகவே இறங்கும். அவர்களிடம் செமாக்ளூடைடு சராசரியாக 9.6 சதவீதம் குறைத்தது. டிர்செபடைடு உச்ச அளவில் 14.7 சதவீதம். வேறு வேறு ஆய்வுகளின் எண்கள் இவை என்றாலும் இடைவெளி பெரியது.

தூக்கத்தில் மூச்சு அடைபட்டு, சத்தமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்கும் டிர்செபடைடு. இந்த நோய்க்கென்றே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. முழங்கால் தேய்மான வலிக்கு செமாக்ளூடைடை வைத்து ஆய்வு செய்து பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் மூட்டுக்கு முக்கியம் எடை குறைவதே, எதனால் குறைந்தாலும் சரி.

லிராக்ளூடைடு எப்போது? வார ஊசியின் பக்கவிளைவு வந்தால் ஒரு வாரம் முழுக்கத் தாங்க வேண்டுமே என்று அஞ்சுபவர்களுக்கு. இது ஓரிரு நாளில் உடலை விட்டுப் போய்விடும். வயது முதிர்ந்து, சாப்பாடே குறைவாக இருப்பவரிடம் மருத்துவர் இதைக் கொண்டு மெல்லத் தொடங்கிப் பார்க்கலாம். பலன் குறைவுதான், 56 வாரத்தில் சராசரியாக 8 சதவீதம்.

ஐந்தாம் படி: எண்களைச் சரியாகப் படியுங்கள்

எத்தனை கிலோ என்ற கேள்வி இப்போது வரலாம்.

இரண்டு மருந்துகளையும் நேருக்கு நேர் மோதவிட்ட சர்மவுண்ட்-5 ஆய்வு 2025இல் வெளியானது. 72 வாரத்தில் டிர்செபடைடு சராசரியாக 20.2 சதவீதமும், செமாக்ளூடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. கிலோவில் 22.8, 15.0. விளம்பரம் போல இந்தக் கிலோக் கணக்குதான் பரவுகிறது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி எடை 113 கிலோ என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உங்கள் எடை 80 கிலோ என்றால், அதே சதவீதத்துக்கு உங்களுக்கு 16 கிலோவும் 11 கிலோவும்தான். வேறுபாடு ஐந்து கிலோ. அந்த ஐந்து கிலோவுக்காக ஆண்டுதோறும் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று அடுத்த படியில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சராசரி என்பது உங்கள் உடம்பு தரும் வாக்குறுதியும் ஆகாது. செமாக்ளூடைடின் முதல் பெரிய ஆய்வில் சராசரி இறக்கம் 14.9 சதவீதம், ஆனால் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு இருபது கிலோ இறங்கி உங்களுக்கு ஆறு கிலோ மட்டும் இறங்கினால் உங்கள் மன உறுதியில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்புக்கு உடம்பு ஏற்பு வேறுபடும்.

ஆறாம் படி: மூன்று ஆண்டுக் கணக்கு போடுங்கள்

வார ஊசி, பேனா வடிவக் கருவியில் வருகிறது. ஒரு பேனாவில் நான்கு டோஸ். மாதம் ஒரு பேனா என்று எண்ணிப் பன்னிரண்டால் பெருக்குகிறார்கள்; ஆண்டுக்கு 52 வாரம் என்பதால் 13 பேனா வேண்டும்.

2025 ஆகஸ்டில் மவுஞ்சாரோ பேனா வந்தபோது, 2.5 மில்லிகிராம் 14,000 ரூபாய், 5 மில்லிகிராம் 17,500 ரூபாய், உச்ச அளவுகள் 27,500 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. வீகோவியின் விலை 2025 நவம்பரில் குறைக்கப்பட்டு, தொடக்க அளவு 10,850 ரூபாய்க்கும் உச்ச அளவு 16,400 ரூபாய்க்கும் வந்தது. அந்த விலைகளின்படி மவுஞ்சாரோவை 5 மில்லிகிராமிலேயே நிறுத்திக்கொண்டால் ஆண்டுக்கு 2,27,500 ரூபாய். 15 மில்லிகிராம் வரை போனால் 3,57,500 ரூபாய். வீகோவி உச்ச அளவில் 2,13,200 ரூபாய். நீங்கள் வாங்கும் நாளின் விலையைக் கடையில் கேட்டு இதே முறையில் பெருக்கிப் பாருங்கள். ஆரம்ப டோஸின் விலையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். டோஸ் கூடும், விலையும் கூடும்.

செமாக்ளூடைடு மூலக்கூறின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டு நிறுவனங்கள் தாங்களே தயாரித்து விற்கலாம் என்பதால் விலை இறங்குவதற்கு வழி திறக்கிறது. டிர்செபடைடுக்கு இன்னும் பல ஆண்டுகள் காப்புரிமை இருக்கிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு, நீண்டகாலம் தாங்கக்கூடியது எது என்பதை இந்த ஒரு வேறுபாடே முடிவு செய்துவிடலாம்.

எதற்காக மூன்று ஆண்டு? நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதால். செமாக்ளூடைடை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது. டிர்செபடைடிலும் இதே கதை: 36 வாரம் போட்டு 20.9 சதவீதம் குறைந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தை மாற்றி, மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டபோது, அடுத்த ஓராண்டில் எடை 14 சதவீதம் ஏறியது. உடல் பருமன் நீண்டகால நோய். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில் யாரும் வியப்பதில்லை. நகையை அடகு வைத்து ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால், தயவுசெய்து தொடங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல உணவு ஆலோசகரும் நடைப்பயிற்சியும், பிஎம்ஐ மிக அதிகமாக இருந்தால் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய ஆலோசனையும் கிடைக்கும்.

ஏழாம் படி: மருத்துவரிடம் போகும்போது

நாளமில்லாச் சுரப்பி நிபுணர் அல்லது பொது மருத்துவ நிபுணரிடம் போங்கள். அழகு நிலையத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ ஊசி போட்டுவிடுகிறோம் என்று அழைப்பவர்களிடம் போக வேண்டாம். உங்கள் கணையமும் சிறுநீரகமும் அவர்கள் பொறுப்பு அல்ல.

எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் என்சைம்கள், கொழுப்பு, தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகள் ஊசிக்கு முன்பே வேண்டும். சர்க்கரை நோயாளிகள் விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம்.

எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நம் ஊரில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு சேர்ந்த சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் ஏராளம். கிளிமெபிரைடோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு இந்த ஊசியையும் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தொடங்கும்போதே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டிவரும். சஷ்டி, அமாவாசை, ரமலான் என்று நோன்பு இருப்பவர்கள் அதையும் சொல்லுங்கள்.

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். என் நோய்களைப் பார்க்கும்போது ஏன் இந்த மருந்து, ஏன் மற்றது இல்லை? எந்த டோஸில் நிறுத்திக்கொள்ளத் திட்டமிடுகிறீர்கள்? வாந்தி நிற்காவிட்டால் இரவில் யாரைக் கூப்பிட வேண்டும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாத மருத்துவமனையில் தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

எட்டாம் படி: தொடங்குதலும் டோஸ் கூட்டுதலும்

செமாக்ளூடைடு 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏறும். டிர்செபடைடு 2.5இல் தொடங்கி நான்கு வாரம் கழித்து 5. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒவ்வொரு முறையும் 2.5 கூடி 15 வரை. முதல் மாத டோஸ் உடலைப் பழக்குவதற்கு மட்டும். அதில் எடை குறையவில்லையே என்று அவசரப்பட்டு ஏற்றிக்கொள்ளக் கூடாது. உச்ச அளவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 5 மில்லிகிராமில் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் அங்கேயே இருக்கலாம். உடம்புக்கும் பணத்துக்கும் நல்லது.

வயிறு, தொடை, மேல்கை ஆகிய இடங்களில் தோலுக்குக் கீழே போட வேண்டும். வாரந்தோறும் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனை. கணவனும் மனைவியும் முனையை மட்டும் மாற்றி ஒரே பேனாவைப் பகிர்வது தவறு. ரத்தத்தின் வழியே தொற்று பரவும்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் விதி மருந்துக்கு மருந்து மாறும். டிர்செபடைடில், போட வேண்டிய நேரத்திலிருந்து நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். வீகோவியில், அடுத்த டோஸுக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த முறையிலிருந்து தொடருங்கள். இரண்டு டோஸைச் சேர்த்துப் போடவே கூடாது. பல வாரம் விட்டுப்போனால் பழைய டோஸில் தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் ஆகியவை டோஸ் கூட்டிய முதல் சில நாள்களில் அதிகம். செமாக்ளூடைடின் பெரிய ஆய்வில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. நேருக்கு நேர் ஆய்வில் வயிற்றுத் தொல்லையால் மருந்தை விட்டவர்கள் டிர்செபடைடில் 2.7 சதவீதம், செமாக்ளூடைடில் 5.6 சதவீதம். வயிறு நோஞ்சானவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கலாம்.

எண்ணெயில் பொரித்தது, பரோட்டா, பிரியாணி இரவில் வேண்டாம். இரைப்பை மெதுவாக இயங்கும்போது அவை நெடுநேரம் உள்ளேயே நிற்கும். சிறிய தட்டில், மெதுவாகச் சாப்பிட்டு, வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் எழுந்துவிடுங்கள். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது கடினம்தான், பரிமாறும்போதே குறைத்துக்கொள்ளுங்கள்.

நம் சாப்பாட்டில் பெரிய அபாயம் வேறொன்று. பசி பாதியாகக் குறைந்தால், இட்லியும் சோறும் ரசமும் அளவில் குறைந்து, ஏற்கெனவே குறைவாக இருந்த புரதம் இன்னும் குறைந்துவிடும். இறங்கும் எடையில் கால் பங்கும் அதற்கு மேலும் தசையோடு சேர்ந்த பகுதியாக இருக்கலாம். அறுபது வயதுக்காரருக்குத் தசை போனால் மாடிப்படி ஏறுவதே சிரமமாகிவிடும். ஆகவே தட்டில் முதலில் புரதம்: முட்டை, மீன், கோழி, சைவர்களுக்குச் சுண்டல், பயறு, பன்னீர், கெட்டித் தயிர். எடைக்குத் தக்கபடி எத்தனை கிராம் என்று மருத்துவரோ உணவு ஆலோசகரோ சொல்லட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி அல்லது நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியாவது வேண்டும். நடை மட்டும் தசையைக் காக்காது.

தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

மேல் வயிற்றில் முதுகுவரை பாயும் கடும் வலி, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்து எடை மளமளவென்று இறங்கினால் அதையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காசநோய் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

ஒன்பதாம் படி: வாங்குவதும் வைப்பதும்

பில் தரும் கடையில், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும்போது மட்டும் வாங்குங்கள். போலி ஓசெம்பிக் பேனாக்கள் பல நாடுகளில் பிடிபட்டதை அடுத்து 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. பெட்டியில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பேனாவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொடியாகவோ பெயரில்லாக் குப்பியாகவோ வாட்ஸ்அப்பில் விற்பதைத் தொடாதீர்கள். மருந்தைத் தாங்களே கலந்து தயாரித்துத் தரும் கடைகளின் குப்பியிலிருந்து தாங்களே உறிஞ்சிப் போட்ட சிலர், தேவையைவிட 5 முதல் 20 மடங்கு அளவைப் போட்டுக்கொண்டதாக அமெரிக்க எஃப்டிஏ 2024இல் தெரிவித்தது. மவுஞ்சாரோவைக் குப்பியில் வாங்குபவர்கள், எந்த சிரிஞ்சு, எந்தக் கோடு வரை என்று செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. உறைந்து உருகிய பேனாவைத் தூக்கி எறியத்தான் வேண்டும். ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே சில வாரம் வெளியே இருக்கலாம் என்று தாளில் எழுதியிருப்பது நம் ஊர் கோடைக்குப் பொருந்தாது. மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ அறை வெப்பமே அதைத் தாண்டிவிடும். பேருந்துப் பயணத்தில் ஐஸ்கட்டியில் நேரடியாகப் படாமல், துணி சுற்றிக் குளிர்பையில் கொண்டு போங்கள். நிறுத்திய காரின் உள்ளே விட்டுவிட்டால் அந்தப் பேனாவை மறந்துவிடுங்கள்.

பத்தாம் படி: மாற்றுவதும் நிறுத்துவதும்

தாங்கக்கூடிய உச்ச டோஸில் சில மாதம் இருந்தும் தொடக்க எடையில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யவில்லை. செமாக்ளூடைடிலிருந்து டிர்செபடைடுக்கு மாறுவது அப்போது நியாயமான அடுத்த நகர்வு. புதிய மருந்தை எந்த டோஸில் தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இரண்டையும் ஒரே நேரத்தில் போடுவது கூடாது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ திட்டமிட்டால் மயக்க மருந்து நிபுணரிடம் இந்த ஊசி பற்றி முன்பே சொல்லுங்கள். பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு மிஞ்சியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

நிறுத்த நேர்ந்தால், கையில் பணம் தீர்ந்த அன்றே விட்டுவிடாமல் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி தொடங்கியபோது குறைத்த இன்சுலின், கிளிமெபிரைடு, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை மறுபடி கூட்ட வேண்டியிருக்கும். கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் பசி பழைய பலத்தோடு திரும்பத் தொடங்கும். அந்த நாள்களில் வீட்டில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பேடு உங்கள் கையில் இருக்கட்டும்.